உருட்டு

கோத்தகிரியில் ராத்திரி ஷிஃப்ட்.
வாட்டுத் தொட்டியில் இலை படுத்துக் கிடக்கிறது.
காற்றாடிச் சத்தத்துக்கு அடியில்
கைப்பேசியைச் சாய்த்துவைத்து எழுதுகிறேன்:
கதவு ஈரமாயிருக்கிறது.
உள்ளே யாரோ மூச்சு விடுகிறார்கள்.
என்ன செய்கிறீர்கள்?

அவ்வளவுதான் என் பங்கு.
கேட்டுவிட்டுக் காத்திருப்பது.

காலை ஆறரைக்கு போஜன் பதில் போடுவான்,
மேட்டுப்பாளையம் மண்டி வாசலில்
கேரட் மூட்டைகளோடு வரிசையில் நின்றபடி:
காதை வைத்துக் கேட்கிறேன்.
மத்தியானம் கூடலூர் மருந்துக்கடையிலிருந்து ஷம்லா:
விளக்கை அணைக்கிறேன்.
கதையில் அவள் திருடி.
பாக்கி வைக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து
அப்படி ஆகிவிட்டாளாம்.
எட்வின் மறுநாள் சாயங்காலம்தான்.
குந்தாவுக்கு அந்தப் பக்கம் வேலை,
சிக்னலுக்கு ஒரு மேடு ஏற வேண்டும்.
ஏறுவான். ஏறி,
கதவைத் தட்டுகிறேன், என்பான்.
இதுக்கா ஏறினே என்று திட்டு விழும்.

ஒரு கதவு திறக்க மூன்று நாள்.
ஒரு சண்டை முடிய ஆனி போய் ஆவணி.
குஞ்சப்பனையில் மண் சரிந்து வண்டி நின்ற வாரம்
போஜன் வீசிய கோடரி
ஏழு நாள் அந்தரத்தில் நின்றது.
ஏழு நாளும் பூதம்
அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தது.
எனக்கே பாவமாகிவிட்டது.

இருபது முகப் பகடை என்னிடம்.
தேயிலை ருசி பார்க்கிற
வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் போடுவேன்.
கிண்கிண்ணென்று ஒரு சுற்று, பிறகு எண்.
யாரும் பார்த்ததில்லை.
பன்னிரண்டு என்று நான் எழுதினால் பன்னிரண்டு.
ரேஷன் கடைத் தராசை நம்பாதவர்கள்
இதை நம்பினார்கள்.

ஐப்பசி மழையில் எட்வின் பேச்சு நின்றது.
ஒரு வாரம் பதில் இல்லையென்றால்
ஆள் கதையை விட்டுப் போயாச்சு,
நான் போட்ட சட்டம்தான்.
எட்டாம் நாள் போஜன் எழுதினான்:
வைத்தியனைத் தோளில் போட்டுக்கொள்கிறேன்.
சுரங்கம் முழுக்கச் சுமந்தான்.
எடை எவ்வளவு என்று கேட்டான்,
மூச்சு வாங்குகிறது என்று தானே எழுதிக்கொண்டான்.

அவங்க அப்பா பேர் தெரியுமா அண்ணே,
ஊர்ல எந்தத் தெரு, என்று ஷம்லா.
தெரியாது.
அவன் வைத்தியனுக்கு வௌவால் பயம்,
காசை மூன்று தரம் எண்ணுவான்,
உடன் வருகிறவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பான்.
எனக்குத் தெரிந்த எட்வின் அவ்வளவுதான்.

பத்தொன்பதாம் நாள் கயிற்றுப் பாலம் அறுந்தது.
மற்ற இருவரும் தொற்றிக்கொண்டார்கள்.
தோளிலிருந்தவனுக்காக நான் உருட்டினேன்.
இரண்டு.
வெளியே ஜெனரேட்டர் இருமிற்று.
பதினேழு, என்று எழுதினேன்.
வேர் ஒன்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

இருபத்தாறாம் நாள், இரவு பதினொன்றே கால்:
தட்டினேனே. யாராவது திறந்தீங்களா?

எங்கே போனாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.
நாங்கள் அந்தக் கதவைத் தாண்டி
ஒரு சுரங்கம், ஒரு பாலம், ஒரு சந்தை கடந்திருந்தோம்.
போஜன் எழுதினான்: திரும்பி நடக்கிறேன்.
ஷம்லா: நானும். விளக்கை ஏற்றிக்கொண்டு.
அறுந்த பாலத்தில் எப்படி நடப்பீர்கள் என்று
நானும் கேட்கவில்லை.
கதவு ஈரமாயிருக்கிறது, என்று மறுபடி எழுதினேன்.
உள்ளே யாரோ
தாழ்ப்பாளில் கை வைக்கிறார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து ஷம்லா, தனியாக:
அன்னைக்கு விழுந்தது பதினேழு இல்லதானே?
உருட்டாதீங்க அண்ணே.

விரலால் இலையை அமுக்கிப் பார்த்தேன்.
பதமாக வாடியிருந்தது.
இலை இறக்கணும் ஷம்லா,
உருட்டுற நேரம், என்று போட்டுவிட்டு
கிண்ணத்தைக் கழுவப் போனேன்.