ஒட்டுவாரொட்டி

மூன்று வாரம் தனியே வையுங்கள் என்று
சொல்லித்தான் அனுப்பினார்கள்.
நான்காம் நாள் மழையில் கார் ஷெட் மூழ்கியது.
டைவி ஆறு வயலுக்குள் ஏறிவந்து
வேலிக்கம்பங்களின் இடுப்பைப் பிடித்து நின்றது.
வேறெங்கே வைப்பது என்றாள் நெஸ்டா.
கம்பிக்கதவைத் திறந்தது நான்தான்.
இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

ஆறு பெட்டைகள்.
கூண்டுக்குள் பதினெட்டு மாதம் முட்டை எண்ணிக் கொடுத்து,
கணக்கு முடிந்த அன்று
லாரிக்குப் போகாமல் எங்கள் காருக்கு வந்தவை.
பாதி உடம்பில் இறகில்லை.
கொண்டை, நெடுநேரம் தண்ணீரில் ஊறிய விரல்போல் வெளுத்து
ஒருபக்கம் சரிந்திருந்தது.
புல்லில் இறக்கிவிட்டோம்.
தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல்
ஆறும் ஒற்றைக்காலில் நின்றன.

பழைய ஐந்தில்
மேட்ரன் மட்டும் கிட்டே வந்தாள்.
கறுப்பு, கழுத்தில் செம்புப்பொடி, ஆறு வயது.
ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு கொத்து,
அவ்வளவுதான்.
பேரேட்டில் பெயர் ஏறியாயிற்று.

பத்தாம் நாள் காலை
பள்ளிப் பேருந்தை எடுக்கப் போகையில்
இருட்டில் ஒரு தும்மல்.
மனிதத் தும்மல் என்றே நினைத்து
யாரது என்றும் கேட்டுவிட்டேன்.

பிறகு கண்ணோரத்தில் நுரை,
உடைவதும் ஊறுவதுமாய் ஒரு சின்னக் குமிழி.
முகம் ஒருபக்கம் வீங்கி
மேட்ரன் ஊரையே கண்ணடித்துக்கொண்டு திரிந்தாள்.
ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால்
கம்பின்மேல் ஐந்து நெஞ்சும்
கொதிக்கப்போகும் கெட்டிலாய் இரைந்தன.
கம்பேறத் தெரியாத ஆறும்
கீழே மூலையில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து
நிம்மதியாய்த் தூங்கின.

டாக்டர் ஹவ்வென் வந்தாள். இருபத்தாறு வயதிருக்கும்.
பூட்ஸை மருந்துவாளியில் முக்கி உள்ளே போனாள்,
முக்கி வெளியே வந்தாள்.
புதியவை கொண்டுவந்ததுதான், என்றாள்.
அவற்றுக்குப் பழகிவிட்டது,
உள்ளே வைத்துக்கொண்டே வாழக் கற்றவை.
மருந்து இழுப்பை நிறுத்தும்,
வந்து குடியேறியதைக் காலிசெய்ய வைக்காது.
பிழைப்பவை ஆயுளுக்கும் சுமக்கும்.
இனி இங்கே எதுவும் வரக்கூடாது,
இங்கிருந்து எதுவும் போகவும் கூடாது.
கையெழுத்து எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் போட்டிருப்பேன்.

டில்வினிடம் இருப்பது கண்காட்சிக் கோழிகள்.
சாலைக்கு அந்தப்பக்கமே நின்று கத்தினார்,
எத்தனை உயிரைக் காப்பாற்றினீர்கள்?
ஆறு, என்று நெஸ்டாவும் கத்தினாள்.
உள்ளே வந்து
வெகுநேரம் கை கழுவினாள்.

மருந்துத் தண்ணீர் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.
மருந்து முடியும்வரை, முடிந்தும் சில நாள்,
முட்டையைத் தின்னக்கூடாது.
எலுமிச்சைப்புல் வைத்திருந்த இடத்தில் குழிவெட்டி
உடைத்து ஊற்றினேன்.
பழையவை முட்டையிடுவதை நிறுத்திவிட்டன.
இந்த ஆறும் நிறுத்தவேயில்லை,
யாருக்கும் வேண்டாத முட்டை
நேரந்தவறாமல்.
யாராவது அவற்றிடம் சொல்லியிருக்கலாம்,
கணக்கு முடிந்துவிட்டதென்று.

மேட்ரன் தீனியைத் தொடுவதை விட்டாள்.
வியாழக்கிழமை, பேருந்துக்கு நாற்பது நிமிடம் இருந்தது.
கொட்டகைக்குப் பின்னால்.
எனக்குச் செய்யத் தெரியும்.
பொறுப்பாய்ச் செய்தேன்.
பள்ளிப்பிள்ளைகள் ஏறுகையில்
ஸ்டியரிங்கில் என் கைச்சூடுதான் இருந்தது,
அவளுடையதென்றே தோன்றியது.

அன்றிரவு கம்பில் நான்கு.
சுவரோரம் மேட்ரனின் இடம் காலி.
கீழிருந்து ஒரு மொட்டைமுதுகு எம்பியது,
விழுந்தது.
மறுபடி எம்பி நெஞ்சால் மோதி
இறகில்லாத சிறகை அடித்து அடித்து
எப்படியோ மேலே.
பக்கத்துக்காரி திரும்பி ஒரு கொத்து கொத்திவிட்டு
விரற்கடை நகர்ந்தாள்.
புதியவள் உட்கார்ந்து
தும்மினாள்.

டார்ச்சை அணைத்தேன்.
பூட்ஸை வாளியில் முக்கினேன்,
உள்ளே போகவா வெளியே வரவா
என்பது மறந்துபோய்
இரண்டு முறை.