அரை மணி நேரக் கழிவு

வெள்ளிக்கிழமை, ஆனி பிறந்து இருபத்தி மூணு நாள்.
நொய்யலில் புதுத்தண்ணி இறங்குவதற்குள்
செங்காளிபாளையம் குளத்துக் கோரையை
வழித்துக் கரையில் போட்டுவிட வேண்டும்.
மணிக்கு ஆயிரத்து இருநூறு.
பொக்லைன் முதலாளியுடையது,
டீசல் கமிட்டியுடையது,
லீவரில் இருக்கும் கை மட்டும் என்னுடையது.

கரையில் நிற்பவர்களுக்குக் கோரை ஒரு பச்சைச் சுவர்.
கேபினில் இருப்பவனுக்கு மொட்டை மாடி.
அடுத்தவர் வீட்டு மாடியை
எட்டிப் பார்த்துவிட்ட மாதிரி
கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

அங்கிருந்துதான் கிளம்பியது.
கட்டைவிரல் தண்டி.
காய்ந்த புல்லின் நிறம், முதுகெல்லாம் கரிக்கோடு,
விரித்தால் மட்டும் தெரிகிற
வெள்ளை முனை வைத்த வால்.
மேலே போனது, விழுந்தது, மறுபடி போனது.
எவனோ ஆகாசத்தில் உட்கார்ந்து
நூலில் கட்டிச் சுண்டிக்கொண்டிருந்தான்.
ஒவ்வொரு துள்ளலுக்கும் அலகு திறந்தது.
என்ஜின் இரைச்சலில்
ஒன்றும் கேட்கவில்லை.
ஒரு பாட்டை நான் முதலில் கண்ணால்தான் பார்த்தேன்.

சாவியைத் திருப்பினேன்.
சத்தம் அடங்க, காது திறக்க,
சித்த நேரம் ஆனது.

ஜிட்.
ஜிட்.
ஜிட்.

இவ்வளவுதானா என்று இருந்தது.
வானத்தில் யாரோ
நகம் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஏனுங் தம்பி, வண்டி நின்னுபோச்சுங்களா?"
கரை மேலிருந்து தெய்வசிகாமணி, கமிட்டிப் பொருளாளர்.
"ஆயில் சூடாயிருச்சுங்."
கண்ணாடிக்கு வெளியே அது
இன்னும் வெட்டிக்கொண்டிருந்தது.

இறங்கிப் போனேன். முழங்கால் வரை சேறு,
சாயத்தண்ணி வாடை.
நாலைந்து கோரைத் தாள்களை
அறுக்காமல், உயிரோடு வளைத்து,
சிலந்தி நூலால் இழுத்துத் தைத்திருந்தது.
சோடா பாட்டில் சாயலில் ஒரு கூடு.
வாயில் விரலை விடவில்லை.
அத்தனை மரியாதை எனக்கும் தெரியும்.

நாலு பக்கெட் அகலம் விட்டுச் சுற்றி வழித்தேன்.
மொட்டையடித்த தலையில்
குடுமி மாதிரி நின்றது அந்தத் திட்டு.
ஹவர் மீட்டரில் அரை மணி குறைந்ததற்கு
முதலாளி என் கூலியில் அறுநூறு பிடித்தார்.
அறுநூறு ரூபாய்க்குத் திருப்பூரில்
ஒரு கதவு கூட வாடகைக்குக் கிடைக்காது,
நான் ஒரு வீட்டையே காப்பாற்றியிருக்கிறேன்
என்று ரெண்டு நாள் நடந்தேன்.

ஞாயிறு வெடியால கோகிலவாணி வந்தார்.
பேங்க் வேலை, கழுத்தில் பைனாகுலர்,
குளத்து நாரைகளுக்குக் கணக்குப் பிள்ளை.
விசிறிவால் கதிர்க்குருவி என்றார்.
குருவியைவிடப் பேர் நீளம்.
திட்டுக்குள் போய்க் குனிந்து பார்த்தார்,
வரும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார்.

"இது சும்மா கட்டினதுங்.
ஆண் ஒண்ணு மாத்தி ஒண்ணு கட்டிட்டே இருக்கும்.
பெண் வந்து பாக்கும்.
புடிச்சுதுன்னா உள்ள பஞ்சு வெச்சு மெத்தை போடும்.
இதுல பஞ்சே இல்லைங்."

ஆளில்லாத வீடு.

காங்கயத்தில் நானும்
ரெண்டு ரூம், ஒரு சமையலறை போட்டு வைத்திருக்கிறேன்.
டைல்ஸ் கூட ஒட்டியாகிவிட்டது.
மூணு பெண் வீட்டார் வந்தார்கள்,
காபி குடித்தார்கள்,
குழாயைத் திறந்து பார்த்தார்கள்,
சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.
வயது முப்பத்தியாறு.
இதை அவரிடம் சொல்லவில்லை.

"அப்போ அது எங்கீங்க இப்போ?" என்று மட்டும் கேட்டேன்.

பைனாகுலரைக் கையில் கொடுத்தார்.
கிழக்கால, வாய்க்கால் வந்து விழுகிற மூலை.
வாயில் வெள்ளையாய் என்னவோ இழை,
அலகால் ஒரு தாளைக் குத்தி
அடுத்த தாளோடு சேர்த்து இழுத்தது.
கைவிட்டு எழுந்தது.
ஜிட் என்றது. இறங்கியது.
மறுபடி இழுத்தது.

அந்த மூலை
திங்கட்கிழமைக் கணக்கில் இருக்கிறது.