பத்துக்கு ஆறு

காட்பாடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு.
எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில்
முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கிறோம்,
அஞ்சல்வழி முதலாண்டு.
ஆறு நாள் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறேன்.
ஏழாம் நாள் பி.ஏ.

முக்கியமானதை மட்டும் அடிக்கோடிடுங்கள்
என்றது படிக்கும் முறை பற்றிய பாடம்.
எனக்கு எல்லாமே முக்கியமாகத் தெரிந்தது.
பக்கம் முழுக்கக் கோடு,
இரட்டைத் தையல் விழுந்த தோல் மாதிரி.
படிப்பதற்கு அமைதியான இடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்
என்றும் ஒரு வரி இருந்தது.
அதற்கு மட்டும் கோடு போடவில்லை.

மொழிப் பாடத்தில் ஒருமை பன்மை மயக்கம்.
'தொழிலாளர்கள் வந்தது', பிழை திருத்துக.
"லேடீஸ் எல்லாம் வந்துச்சா?" என்றுதான்
சூப்பர்வைசர் தினமும் கேட்கிறார்.
திருத்தினேன்,
தாளில்.

பக்கத்தில் பேர்ணாம்பட்டு தஸ்னீம்.
அவள் நோட்டில்
வலமிருந்து உருது வரும், இடமிருந்து தமிழ் வரும்,
இரண்டும் முட்டிக்கொள்ளும் நடுப்பக்கத்தில்
மத்தியானச் சாப்பாட்டு எண்ணெய்.

தலைமைப் பண்பு வகுப்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள்.
நீங்கள் தலைமை தாங்கிய ஒரு சூழ்நிலையை விவரிக்கவும்.
ரசிகர் மன்றச் செயலாளர் ஒருவர்
கூடுதல் தாள் கேட்டு வாங்கினார்.
நான் 'இல்லை' என்று எழுதினேன்.
ஒரு வார்த்தை தனியாக நிற்கிறதே என்று
பக்கத்தில் முற்றுப்புள்ளி வைத்தேன்.

புவியியலுக்குச் சதானந்தம் சார்.
சுவரில் தொங்கிய படத்தில் பாலாறு நீலம்.
பின்பெஞ்சில் சிரித்தார்கள்.
தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீலம்தான்,
அது மரபு, என்றார் அவர் சிரிக்காமல்.
பிறகு,
தெரிந்த வழி ஒன்றை வரைந்து வரச் சொன்னார்.

எனக்கு நன்றாகத் தெரிந்த வழியில்
ஒரே ஒரு முறைதான் நடந்திருக்கிறேன்.

கார்த்திகை மாசம்.
கண்ணில் பார்த்தேயிராத தண்ணீர் வந்து
தரைப்பாலத்தை மூடிய ராத்திரி.
கம்பெனி பஸ் விளக்கை அணைத்துவிட்டு நின்றுவிட்டது.
இக்கரையில் நாற்பத்து மூன்று பேர்,
வெளிச்சம் உள்ள செல்போன் பதினொன்று,
எஸ்தர்ராணிக்கு ஏழாம் மாசம்.
அடுத்த பாலத்துக்குக் கரையோரம் அறுபத்து நாலு மின்கம்பம்.
ஒவ்வொரு கம்பத்திலும் நின்று எண்ணினோம்,
கட்டிங் மேசை, ஸ்கைவிங் மேசை, ஒட்டுகிற மேசை என்று
வேலை செய்யும் வரிசையிலேயே.
முப்பத்தொன்பதாம் கம்பத்தில் ஒரு ஆள் குறைந்தது.
செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டதென்று
இருட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.
அவள் தைத்த செருப்பில்லை, ரப்பர் செருப்பு.
விட்டுட்டு வா என்றேன்.

மூன்று தாளை நீளவாக்கில் ஒட்டி வரைந்தேன்.
அளவு: ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கம்பம்.
"இந்தப் புள்ளிக் கோடு என்னம்மா, ரயில் பாதையா?"
"இல்லை சார். நாங்க."
விரல் வைத்து எண்ணினார்.
எண்ணி முடிக்கட்டும் என்று நின்றேன்.
"ஒரு புள்ளி மட்டும் ஏன் தள்ளி, கடைசியில்?"
"அது நான் சார்.
முன்னாடி போனா எண்ண முடியாது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
எதுவோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.
வடக்கு குறிக்கப்படவில்லை,
அலகு தரப்படுத்தப்படவில்லை
என்று ஓரத்தில் எழுதி
சிவப்பு மையில் மதிப்பெண் போட்டார்.

விருதம்பட்டு தாண்டி பஸ் பாலத்தில் ஏறியபோது
சுருட்டிய தாளைப் பார்த்து தஸ்னீம் கேட்டாள்,
எவ்வளவு வந்தது?
ஆறு என்றேன்.
அவள் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.
"எங்கே வந்துச்சு?
வெறும் மணல்."