மூன்றாம் தரம்

விடிகாலையில் என் தொண்டைதான் இந்தக் கரைக்குத் தராசு.
பாறை, சீலா, முரல், நண்டு
எதுவானாலும் மணலில் கொட்டியதும்
நான் முதலில் கேட்பது விலையை அல்ல.
"யாரு பாடு இது?"
பாடு என்றால் எங்களுக்குப் பிடித்ததும்தான், பட்டதும்தான்.
பாட்டுக்காரன் கையைத் தூக்க வேண்டும்.
தூக்காத மீனை நான் கூவியதில்லை,
இருபத்தாறு வருஷமாக.

அன்று ராத்திரி கூவச் சொன்னது மீனை இல்லை.
காளி கோயில் முன்னால் டியூப்லைட்டைச் சுற்றி ஈசல்.
நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, காலியாக.
ஊராட்சித் தலைவர் பதவி, என்றது கமிட்டி,
அஞ்சு லட்சத்தில் ஆரம்பி.

காரணம் இல்லாமல் இல்லை.
போன தேர்தலில் ரெண்டு வல்லம் எரிந்தது.
அண்ணன் வீட்டுத் தண்ணீரைத் தம்பி
மூணு வருஷம் தொடவில்லை.
"ஓட்டுன்னா சண்டை, ஏலம்னா சமாதானம்.
பணம் கோயில் மதிலுக்கு."
நானும் தலையாட்டினேன்.
மதில் எனக்கும் வேண்டியதுதான்.

அஞ்சு, எட்டு, பதினொண்ணு.
பதினெட்டில் சாயல்குடி ரோட்டு லாரிக்காரருக்கு வியர்த்தது.
இருபத்திநாலில் துண்டை உதறிக்கொண்டு எழுந்துபோனார்.
இருபத்தஞ்சில் நின்றது
ஐஸ்கம்பெனி காளீஸ்வரன் விரல்.
ஒருதரம்.
ரெண்டுதரம்.
பாழாய்ப்போன பழக்கம்,
என்னைக் கேட்காமல் வாய் கேட்டது:
"யாரு பாடு இது?"

சிரித்தார்கள்.
பிறகு அந்தச் சிரிப்பு எங்கேயோ தரைதட்டியது.
கமிட்டித் தலைவர் கையைத் தூக்கப்போய்
பாதியில் காதைச் சொறிந்துகொண்டார்.
பெண்கள் உட்கார்ந்த இருட்டிலிருந்து
பாசி எடுக்கிற நம்புசெல்வி
துணி சுற்றிய விரல்களோடு ஒரு கை தூக்கினாள்.
"எங்க பாடுதான் போல.
நாங்க விக்கலையே."

என்னை வீரன் என்று நினைத்துவிடாதீர்கள்.
மூணாம்தரமும் கூவினேன்.
கூலி ஐநூறு, வாங்கி மடியில் வைத்தேன்.

அவள்தான் கடலாடிக்கு பஸ் ஏறினாள்.
டெபாசிட் அறுநூறு ரூபாய்,
பாதி சில்லறை, உப்புப் பூத்த சில்லறை.
இன்னொரு மனு விழுந்தால் போதும்,
போட்டியில்லாத வெற்றி அங்கேயே செத்துப்போகும்.
காளீஸ்வரன் வீடு வீடாக ஏறினார்.
என் வீட்டுக்கு முன்னால் அவர் செருப்பைக் கழற்றி
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடலில் பங்கு பிரிக்கிற கணக்கு எனக்கு மனப்பாடம்.
படகுக்கு ஒரு பங்கு, இன்ஜினுக்கு ஒன்று,
வலைக்கு ரெண்டு.
மிச்சம்தான் உயிரைக் கொண்டுபோனவர்களுக்கு.
தேர்தலன்று பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தேன்.
இங்கே படகுக்குப் பங்கில்லை.
எட்டுப் படகு வைத்திருப்பவர்
நம்புசெல்விக்குப் பின்னால் நாலாவது ஆளாக
தலைமேல் கர்ச்சீப்போடு வெயிலில் நின்றார்,
ஒற்றை ஆளாக.
மை வைக்கிற பெண் அவள் விரலைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
புண் இல்லாத தோல் தேடி.
கடைசியில் நகத்தோரம் வைத்தாள். எரிந்திருக்கும்.

தோற்றாள்.
அவளுக்கு நூற்றுப் பதினேழு, அவருக்கு அறுநூற்று எட்டு.
அதே ஆள். அதே நாற்காலி.
இருபத்தஞ்சு லட்சம் வராததால்
மதில் இடுப்பளவில் நிற்கிறது, ஆடு தாண்டுகிறது.
"அப்புறம் என்னதான்யா மாறிச்சு?"
டீக்கடையில் கேட்கிறார்கள்.
எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

போன கிராமசபையில்
குடிநீர்க் கணக்கைக் கடகடவென்று வாசித்து
எழுந்தவரை, "இருங்க" என்றாள்.
இருந்தார்.

காசு கொடுத்து வாங்கிய மீனிடம்
எவனும் கணக்குச் சொல்வதில்லை.

குழாயில் இன்னும் உப்புத்தான் வருகிறது.
அதையும் எழுதச் சொன்னாள்,
தீர்மானப் புத்தகத்தில், அப்படியே.
அவர் கையெழுத்துப் போடும்வரை
மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
பேனா மை இறங்காமல் ரெண்டு தடவை உதறினார்.
மூணாம் தடவை
எழுதியது.