மடிப்பு

வெள்ளைக் கார்தான் அதிகம் பொய் சொல்லும்.
கழுவித் துடைத்து நிழலில் விட்டால்
ஒன்றுமில்லை என்று நிற்கும்.
கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு
பானட்டில் மெதுவாகத் தடவிப் பாருங்கள்,
ரவை கொட்டிக் கிடப்பது போல் நெறிக்கும்.
வெறும் விரலுக்குத் தட்டுப்படாதது
பைக்குள் இருக்கிற விரலுக்குத் தெரிகிறது.
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நீடாமங்கலத்தில் கார் வைத்திருப்பவர்
ஆயுளில் பாதியை ரயில்வே கேட்டில் கழிக்கிறார்.
நெல்மூட்டை ஏற்றிய கூட்ஸ் பிரேக் பிடித்து முனகும்போது
இரும்புத்தூள் பறந்து வந்து
வெயிலில் காய்ந்த பெயிண்டில் குத்தி உட்காரும்.
ஐப்பசி மழை பெய்ததும்
கசகசா அளவில் துருப்புள்ளி.
அப்புறம் வைக்கோல் எரித்த கரி,
அரிசி ஆலையின் உமிச்சாம்பல்,
புதுரோட்டுத் தார்.

தாருக்கு மண்ணெண்ணெய் போதும் என்பார்
எதிர்க்கடை வெல்டர்.
போதும்தான். பளபளப்பும் கூடவே போகும்.
இரும்புக்கு ஒரு திரவம் உண்டு, அழுகின முட்டை வாடை.
அடித்த மூன்றாம் நிமிடம்
நாவற்பழம் தின்ற வாயாகக்
கதவெல்லாம் ஊதா வழியும்.
மிச்சத்துக்கு இரண்டு வழி.

ரப்பர் பூசின கையுறை வேகம்.
ஒரு மணி நேர வேலை இருபது நிமிடத்தில்.
கீழே விழுந்தால் அலசி மாட்டிக்கொள்ளலாம்.
எதை எடுத்தோம் என்பது
வாளித் தண்ணீரோடு வெண்ணாற்றுப் பக்கம் போய்விடும்.

க்ளே கட்டி அப்படியில்லை.
எடுத்ததையெல்லாம் தன் முகத்தில் காட்டும்.
அழுக்கை உள்ளே மடித்து
சுத்தப் பக்கத்தை வெளியே பிசைந்து
மறுபடி தேய்க்க வேண்டும்.
தரையில் விழுந்தால் தூக்கி எறிய வேண்டும்,
முந்நூறு ரூபாய் போனாலும்.
ஒரு மணல் போதும், கதவு முழுக்கக் கீறல்.

உரக்கடை சந்திரகாசன் வந்தபோது
ஷெட் பாதிதான் திறந்திருந்தது.
"ஃபுல்லா வேணாம்ப்பா.
முன்னாடி, இடது பக்கம் மட்டும்."
பம்பரில் ஒரு சாண் நீளத்துக்கு நீலக்கோடு.
"கேட்டுல உரசிடுச்சு."

எங்கள் ஊர் கேட் சிவப்பும் வெள்ளையும்.

நான் அதைச் சொல்லவில்லை.
குனிந்து பார்த்தேன். என் முழங்கால் உயரம்.
மொபெட்டின் மட்கார்டு வருகிற இடம்.
ஷாம்பூ வாளியின் விளிம்பருகே
இரண்டு ஐந்நூறு தாள்களை வைத்து
போனைப் பார்த்தபடி தள்ளி நின்றார்.

"கையுறையா, கட்டியா?" என்றான் சபீர்.

"கட்டி."

"சின்ன இடம்தானேண்ணே."

பெயிண்ட் புதுசுடா, கட்டிதான் மெத்து என்றேன்.
அதுவும் உண்மைதான்.

தண்ணீர் விட்டுத் தேய்க்கும்போது
முதலில் இழுக்கும், உஸ்ஸென்று சத்தம் வரும்,
பிறகு சத்தம் நின்று வழுக்கும்.
வழுக்கினால் முடிந்தது.
எட்டு நிமிடம்.
அடியில் கீறல்கூட இல்லை.
அவர் பையெல்லாம் மாட்டவில்லை,
வெறும் கையால் ஒரு தடவு தடவி
தலையாட்டிவிட்டுப் போனார்.

உள்ளங்கையில் கட்டி, அதன் மேல் நீலம்.
மடித்தால் அடுத்த காருக்கு ஆகும்.
நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில்
எப்போது நழுவியது என்று தெரியவில்லை.
"விழுந்துடுச்சுண்ணே, எறிஞ்சிடவா?"

மணலோடு எடுத்து
பழைய வாஸ்லின் டப்பாவில் மூடி வைத்தேன்.
சபீர் ஒன்றும் கேட்கவில்லை,
கையுறையை அலசிக் கொடியில் போட்டான்.

பதினோரு நாள் ஆகிறது.
மன்னார்குடி ரோட்டில் நீல மொபெட் எது போனாலும்
முன் மட்கார்டைத்தான் பார்க்கிறேன்.
நேற்று ஒருவர் நிறுத்தி,
"என்னப்பா, காத்து கம்மியா இருக்கா?" என்றார்.
குனிந்து டயரை அமுக்கிப் பார்த்து
இல்லை, சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.