கழலாமல், கழற்ற

"எதற்கு?" என்றார் அபீலியு,
கண்ணாடிக்குக் கீழிருந்த தட்டை இழுத்தபடி.
சாவி மாட்ட.
"எல்லாமே சாவி மாட்டத்தான்.
எத்தனை சாவி, நாளுக்கு எத்தனை முறை,
யாருடைய கை?"

ஒன்பது வீடு, பதினான்கு சாவி.
இந்தப் போர்ட்டோ நகரில்
மேட்டுத் தெருவாக, லிஃப்ட் இல்லாத மாடியாகப் பார்த்துத்தான்
நோய் குடியேறுகிறது
(இது என் முழங்காலின் கருத்து).
ஏழு மணிக்கு ஓர் இன்சுலின் ஊசி,
ஒன்பதுக்கு ஒருவருக்குக் காலுறை,
பதினொன்றுக்குக் கழுவிவிட ஒரு முதுகு.
கை என்னுடையது.
பெரும்பாலும் ஈரமாக இருக்கும்.

பழைய வளையத்தைக் கல்லாமேல் வைத்தேன்.
இரட்டைச் சுற்று எஃகு.
பதினோரு வருடம் ஒரு சாவியையும் தவறவிட்டதில்லை.
பதினோரு வருடமாக
என் கட்டைவிரல் நகம் முழுதாக வளர்ந்ததும் இல்லை.

பிப்ரவரியில் எர்மீனியா அம்மாள் போய்விட்டார்.
மகள் லியோனிலிருந்து வந்திருந்தாள்,
கறுப்புக் கோட்டு, மூன்றாவது மாடி வாசல்,
சாவிக்காக நீட்டிய கை.
நான் நகத்தால் நெம்பினேன்.
கொண்டை ஊசியால் நெம்பினேன்.
பல்லால் கடித்தேன், சொன்னால் வெட்கம்.
அவள் கை நீட்டியபடியே நின்றது.
துக்க வீட்டு வாசலில்
கொடுக்க மனமில்லாதவள்போல் நான்.

கடைசியில் அவளே உள்ளே போய்
அம்மா வெண்ணெய் தடவும் கத்தியை எடுத்துவந்தாள்.
இரண்டு தலைகள் முட்டக் குனிந்து திறந்தோம்.
சாவி தெறித்து
படி படியாக, இரண்டு மாடி, கீழே போனது.
அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.
முதலில் சிரித்தது அவள்தான்.

"அப்படியானால் இது" என்று
மலையேறிகளின் கொக்கியைக் காட்டினார்.
வேண்டாம், என் தோழி பில்மீனாவிடம் அது இருந்தது;
டிராம் இருக்கையில் உரசியதும் தானே வாய் பிளந்தது,
இரண்டு கிழவர்கள் ஒரு மதியம் முழுக்கப் பூட்டுக்குள்.
முறுக்குக் கம்பி? நுனி பிரிந்து பையைக் குத்தும்.
பித்தளையில் குதிரைலாடம், அழகுதான்,
ஆனால் அந்தச் சிறு திருகாணி
குளிரில் விரலைவிட்டு நழுவினால்
சாக்கடைக்கு நேர் வழி.

அபீலியு பெருமூச்சுவிட்டார்.
உங்களுக்கு என்னதான் வேண்டும், தாயே?

கழற்ற வரவேண்டும்.
கழன்றுவிடக் கூடாது.

அவர் கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார்.
பிறகு ஏணி போட்டு ஏறி
தூசி படிந்த பெட்டி ஒன்றை இறக்கினார்.
சாம்பல் நிற எஃகு, கதவு ஒன்று, சிறு தாழ்:
அமுக்கித் தள்ளினால்தான் திறக்கும்,
இழுத்தால் இன்னும் இறுகும்.
கூரைக் கொக்கியில் அதை மாட்டி
ஆணி மூட்டை ஒன்றைத் தொங்கவிட்டார்.
மூட்டை ஆடியது. வளையம் ஆடவில்லை.

என் சோதனை வேறு.
கையை நனைத்துக்கொண்டேன், சோப்பும் கேட்டேன்.
இடக்கை மட்டும், சட்டைப்பைக்குள், கண்ணை மூடி.
வலக்கை எப்போதும்
யாருடைய முழங்கையையாவது பிடித்திருக்கும்.
க்ளக். திறந்தது.
இன்னொரு முறை. க்ளக்.

"ஆயுள் உத்தரவாதம்" என்றார் பில் எழுதியபடி.
யார் ஆயுள்? என்றேன்.
பேனா நின்றது.
"வளையத்தின் ஆயுள்" என்றார், யோசித்து.
பதினாறு யூரோ. ஒரு யூரோ குறைத்தார்,
ஆணி மூட்டையை இறக்க நான் உதவியதற்கு.

கடைப்படியிலேயே உட்கார்ந்து
ஒவ்வொன்றாக இடம் மாற்றினேன்.
நீலப் பொட்டு வைத்தது ஒதெத்தின் தெருக்கதவு,
பல் தேய்ந்தது மாடிக் கதவு,
நூல் கட்டியது கேட்டால் கோபப்படும் கப்பற்காரர்.
பதினான்கு முடிந்தும்
பழைய வளையத்தில் ஒன்று மிச்சம்.
சின்னது, தட்டையானது, எந்த வாசலும் ஞாபகம் வரவில்லை.
தபால் பெட்டியோ, அலமாரியோ, யாருடையதோ.

கீழே நதியிலிருந்து படகு ஒன்று கூவியது.
பதினொன்றுக்கு ஒரு முதுகு காத்திருந்தது.
கழற்றி எறிவது அரை நொடி வேலைதான், இனிமேல்.
அதையும் மாட்டிக்கொண்டு
மேடேறினேன்.