கீழ்ப்பல்

இரவு இரண்டே கால். கோபாலபுரம் சோதனைச்சாவடி.
இளநீர் வண்டி மக்கர் பண்ணி நின்றது,
அந்த மாநிலத்தில் முன்சக்கரம், இந்த மாநிலத்தில் பின்சக்கரம்.
தள்ளப்போன பிஜுமோன்தான்
குலைகளுக்கு நடுவே அதைப் பார்த்தான்:
'இறால்' என்று எழுதிய தெர்மாகோல் பெட்டி.
மூடியில் ஆணியால் குத்திய ஒன்பது துளை.
இறாலுக்கு எதற்கு மூச்சு?

உள்ளே ஒரு முழம் உயிர்.
வாயைச் சுற்றிப் பச்சை ரப்பர்,
இட்லி மாவுப் பாக்கெட்டுக்குப் போடுகிற அதே ரப்பர்.

முதலை என்றேன்.
சீங்கண்ணி என்றான் பிஜுமோன்.
உடும்புன்னு சொல்லித்தாங்க ஏத்துனாங்க என்றான்
ஓட்டுநர் திருமூர்த்தி.

அமராவதிப் பண்ணையில் ஆறு வருஷம் இருந்தவள் நான்.
மூஞ்சி அகலத்தை நம்பக் கூடாது;
நம்ம ஊர் முதலைக்கும் மண்வெட்டி மூஞ்சிதான்.
வாய் மூடும்வரை காத்திருக்க வேண்டும்.
கீழ்வரிசையில் நாலாவது பல்
வெளியே துருத்தி நின்றால் முதலை.
அலிகேட்டர் ஜாதி அதை
மேல்தாடைக்குள் பதுக்கிக்கொள்ளும்,
வட்டிக்கு விடுகிறவர் சிரிப்பைப் போல.

ரப்பரைக் கழற்றினேன். கடித்தது.
கையுறையில் தொங்கிக்கொண்டே என்னைப் பார்த்தது.
இரண்டு கண்ணுக்கும் நடுவே ஓர் எலும்பு மேடு,
கண்ணாடி தொலைந்து
பாலம் மட்டும் மிஞ்சியது மாதிரி.
பிறகு விட்டது. வாய் மூடியது.
பல் இல்லை.

கெய்மன்.
கடலுக்கு அப்பால் ஏதோ ஆற்றின் சந்ததி,
முட்டை எந்தத் தொட்டியில் உடைந்ததோ.

படிவத்தில் 'இனம்' என்ற கட்டம் சின்னது.
ஒரு காலத்தில் நம்மிடம் மூன்று பெயர் இருந்தது:
முதலை, இடங்கர், கராம்.
எது எதுவென்று இப்போது ஆளுக்கோர் உரை.
மூன்றிலும் இது இல்லை.

'பிடிபட்ட நீர்நிலை' என்றது அடுத்த கட்டம்.
இளநீர்னு எழுதட்டே, சேச்சி?
சிரித்துவிட்டேன்.
என் கீழ்ப்பல் தெரிந்திருக்கும்.

திருமூர்த்தி சிரிக்கவில்லை.
ஏற்றியது யார், கொச்சியில் வாங்குவது யார்,
ஒரு பல்லும் வெளியே வரவில்லை.

விடிவதற்குள் வாளிக்குள்ளிருந்து அது கூப்பிட்டது,
அடித்தொண்டையில், விட்டு விட்டு.
எந்தக் குட்டியும் கூப்பிடுகிற சத்தம்தான்;
என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை.
அமராவதியில் என்றால் அதற்கு
ஒருத்தி தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்திருப்பாள்.

இங்கே பால் டேங்கர் ஒன்று
ஹாரன் அடித்தது,
தடுப்புக்கட்டையைத் தூக்கச் சொல்லி.